பாட முடியாத வேகம்

அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் யாரும் கம்பெனிக்குப் போன் போட மாட்டார்கள். ஐந்தாம் மாடிக்குப் படியேறிப் போய் இடது பக்கக் கதவைத் தட்டுவார்கள். லிஃப்ட்டக்கா ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "அதை என்ன பண்ணீங்க?" என்று பிள்ளையை அடித்தவர்களைக் கேட்பதுபோல் கேட்பாள். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். எட்டாம் மாடிப் பாட்டு டீச்சர் ஒருநாள் வந்து, லிஃப்ட் கதவு திறக்கும்போது அடிக்கிற மணி சுருதி பிசகி அடிக்கிறது, நெஞ்சு எரிகிறது என்று புகார் சொன்னபோதுகூட சிரிக்காமல் போய் அதைச் சரிசெய்து கொடுத்தவள் அவள்.

அவளுடைய கணவர் ஜெராக்ஸ்காரர். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம்: எதையாவது நினைத்துக் கவலைப்பட்டால் உடனே அதை ஓர் அறிவிப்பாக டைப் அடித்து, பிரின்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, சுவரில் ஒட்டிவிடுவார். குழாய்க்கு மேலே 'இறுக மூடவும்'. ஃபிரிட்ஜ் கதவில் 'நீண்ட நேரம் திறந்து வைத்து யோசிக்க வேண்டாம்'. எல்லாவற்றுக்கும் கீழே 'இப்படிக்கு, நிர்வாகம்'.

"யாருங்க அந்த நிர்வாகம்?" என்று கல்யாணமான புதிதில் லிஃப்ட்டக்கா கேட்டாள்.

"சும்மா ஒரு மரியாதைக்குத்தான்" என்றார்.

இருபத்து நாலு வருஷமாக அந்த நிர்வாகத்தின் கீழ் அவள் சந்தோஷமாகத்தான் குடித்தனம் செய்தாள். பிறகு இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் ஆனது. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு டோஸ் கீமோ என்றார்கள். மருந்து பார்க்கச் செக்கச் செவேலென்று இருந்தது. முதல் டோஸ் போட்ட அன்றைக்குச் சிறுநீரும் அதே நிறத்தில் வந்ததைப் பார்த்து ஜெராக்ஸ்காரர்தான் மயங்கி விழுந்தார். லிஃப்ட்டக்கா அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள்.

இரண்டாம் டோஸ் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் கதையே ஆரம்பிக்கிறது. டாக்டரம்மா எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மருந்து சில பேருக்கு இதயத்தைப் பாதிக்கலாம். உங்களுக்கு நம்பர் அறுபத்திரண்டுல இருந்து அம்பத்தஞ்சுக்கு வந்திருக்கு" என்றாள்.

இதயம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஜெராக்ஸ்காரருக்குக் காது அடைத்துவிட்டது. டாக்டரம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவருக்குக் கேட்டதெல்லாம் ஃபேன் சத்தம்தான். தலையை மட்டும் ரொம்பப் புரிந்தவர்போல ஆட்டிக்கொண்டிருந்தார். நமக்குக் காது அடைக்கவில்லை, ஆகவே மீதியையும் கேட்டுவிடுவோம்.

"ஒவ்வொரு தடவை இதயம் சுருங்கறப்பவும் உள்ள இருக்கற ரத்தத்துல எத்தனை சதவீதம் வெளிய தள்ளுதுங்கறதுதான் இந்த நம்பர். நாலாவது டோஸுக்கு முன்னாடி மறுபடி பார்ப்போம். அம்பதுக்குக் கீழ போயிருந்தா நாலாவதை நிறுத்திடுவேன். வேற வழிதான் பாக்கணும். அப்படிப் போகாம இருக்க ஒரு மாத்திரை தரேன். கூடவே உடற்பயிற்சி. படுத்தே கிடக்காதீங்க. வாரத்துக்கு மூணு நாள், அரை மணி நேரம், மூச்சு வாங்கற அளவுக்கு. காய்ச்சல் இருந்தா வேணாம். நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ உடனே நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணணும். இது கண்டிப்பா காப்பாத்தும்னு எழுதிக் குடுக்க முடியாது. உதவும்னு நம்பறோம், அவ்வளவுதான்."

லிஃப்ட்டக்காவுக்கு இது சட்டென்று புரிந்தது. "சும்மா நிக்கற லிஃப்ட்டுதான் டாக்டர் சீக்கிரம் கெட்டுப்போகும். பிரேக்குல துரு ஏறிடும்" என்றாள். "எனக்கு நாலும் வேணும். நாலு போல்ட் போடற எடத்துல மூணு போட்டுட்டு வர்ற ஆள் இல்ல நான்."

பக்கத்து அறையில் பிசியோதெரபிப் பெண் வேகத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி சொல்லிக் கொடுத்தாள். மெஷின் எதுவும் வேண்டாம். ஏறும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம். படியேறுவது நல்ல பயிற்சி, ஆனால் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும் என்றாள். இதற்கும் ஜெராக்ஸ்காரர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்டக்கா செருப்பை மாற்றிக்கொண்டு, "நான் படியேறிட்டு வரேன்" என்றாள். வீட்டில் ஒரு பிரளயம் நடந்தது.

"உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? இதயம் பலவீனம்னு இப்பத்தான சொன்னாங்க!"

"உடற்பயிற்சி பண்ணச் சொன்னாங்களே, அது?"

"யார் சொன்னா? நானும் கூடத்தான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. உனக்குச் சும்மா உக்கார முடியல, அதான் நீயா ஒண்ணு கட்டிவிடற."

நான்கு முறை விளக்கிப் பார்த்தாள். ஐந்தாவது முறை அவர் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டார். எடுத்த நர்ஸ், "பயிற்சியும் வேணும் சார், ஓய்வும் முக்கியம்" என்றாள். போனை வைத்துவிட்டு, "பாத்தியா, ஓய்வு முக்கியமாம்" என்றார். அந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் எட்டு மாடியிலும், படிக்கட்டின் இரண்டு பக்கமும், மொத்தம் பதினாறு அறிவிப்புகள் பளபளத்தன. 'கவனிக்கவும். ஐந்தாம் மாடி லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு இதயம் பலவீனம். அவர் படிக்கட்டில் காணப்பட்டால் உடனே லிஃப்ட்டில் ஏற்றிவிட்டு, கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும். இப்படிக்கு, நிர்வாகம்.'

கட்டடத்து ஜனங்களுக்கு அவள்மேல் உயிர். அன்று மாலை ஒரு மாடி இறங்குவதற்குள் மூன்று பேர் சேர்ந்து அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து லிஃப்ட்டுக்குள் ஏற்றிவிட்டார்கள். மறுநாளும் அதே கதை. அன்பில் மூச்சு முட்டியதே தவிர, பயிற்சியில் முட்டவில்லை. தெருவில் நடக்கலாமே என்று கேட்பீர்கள். தெருவின் ஒரு முனையில் அவருடைய கடை; மறுமுனையில் அவருடைய அக்கா வீடு.

அதற்கடுத்த வாரத்திலிருந்து லிஃப்ட் கெட்டுப்போக ஆரம்பித்தது.

திங்கள், புதன், வெள்ளி. சாயங்காலம் சரியாக நான்கு மணிக்கு நிற்கும். நாலரைக்கு, ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஏழாம் மாடியில் இருந்த முட்டிவலிக்காரரான ஜட்ஜ் அந்த நேரத்தில்தான் தூங்குவார் என்பதையும், அவர் ஐந்து மணிக்கு முன்னால் எழுந்த சரித்திரமே இல்லை என்பதையும் அந்த லிஃப்ட் எப்படியோ தெரிந்து வைத்திருந்தது. நீங்கள் புத்திசாலிகள், உங்களுக்குப் புரிந்திருக்கும். ஜெராக்ஸ்காரருக்குப் புரிய மூன்று வாரத்துக்கு மேல் பிடித்தது.

"வீட்டுலயே மெக்கானிக்கை வச்சுக்கிட்டு இப்படியா?" என்று அலுத்துக்கொள்வார்.

சோபாவில் சாய்ந்திருக்கும் லிஃப்ட்டக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே, "ஒரு பார்ட் வரணும்ங்க" என்பாள். எந்த பார்ட், எங்கிருந்து வரணும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. முதல் போன் இரண்டாம் மாடியிலிருந்து.

"சார், உங்க வீட்டம்மா படியில போறாங்க."

"லிஃப்ட்டுல ஏத்துங்க!"

"லிஃப்ட் ஓடல சார். அப்புறம்... பாடிக்கிட்டே போறாங்க."

"பாடறாளா? என்ன பாட்டு?"

"எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாதுன்னு பாடறாங்க சார்."

அது லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகை. லிஃப்ட்டக்காவுக்கு ஆயுசில் ஒரு பாட்டும் மனப்பாடமில்லை. அந்தப் பலகையின் ஏழு வரிகள் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். வேகம் சரியா என்று பார்க்கப் பாட வேண்டுமே, அதனால் அதையே ராகம் போட்டுப் பாடிக்கொண்டு ஏறினாள். இது ஜெராக்ஸ்காரருக்குத் தெரியாது. மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தார். மெஷினில் இருந்த பேப்பரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஐந்து மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, கதவைத் திறந்தால், அவள் சோபாவில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

"ஏங்க உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது?" என்று கவலையோடு கேட்டாள். "படியெல்லாம் இப்படி ஓடி ஏறலாமா? வயசாகுதுல்ல?"

போன்கள் நிற்கவில்லை. ஆறாம் மாடியிலிருந்து ஒருத்தர் அவள் 'கதவின் மேல் சாயக் கூடாது' என்று பாடினாள் என்றார். நான்காம் மாடிக்காரர் அவள் பாதியில் பாட்டை நிறுத்திவிட்டு, "ஆஹா, பாட முடியல!" என்று கைதட்டிச் சந்தோஷப்பட்டாள் என்று சொன்னபோது ஜெராக்ஸ்காரர் அழாத குறைதான். ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தார். ஒவ்வொரு தடவையும் சோபா, பத்திரிகை, சிவந்த கன்னம்.

மூன்றாவது டோஸ் வந்தது. அந்த வாரம் லிஃப்ட் ஒருநாளும் கெடவில்லை. லிஃப்ட்டக்கா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனாள். எது சாப்பிட்டாலும் இரும்பு ருசி என்றாள். ஜெராக்ஸ்காரர் கடையை மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் தூங்கும்போது அவள் மூச்சை எண்ணினார். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அவள் செத்துப்போய்விடுவாளோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவரால் டைப் அடிக்கவும் முடியவில்லை.

எட்டாம் நாள் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பத்தாம் நாள், ஒரு புதன்கிழமை, லிஃப்ட் நின்றது. பத்தே நிமிஷம்தான்.

அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. அவள் படுத்திருந்த வாரம் முழுக்க லிஃப்ட்டும் நல்ல பிள்ளையாக ஓடியிருக்கிறது. அவள் எழுந்ததும் அதற்கு நோய் வந்துவிட்டது. "அடிப்பாவி!" என்று கடையில் தனியாக நின்றுகொண்டு கத்தினார். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த பெண்மணி தன்னைத்தான் சொல்கிறார் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தார். திட்டம் இதுதான். மூன்றே முக்காலுக்கே கட்டடத்துக்குள் நழுவி, லிஃப்ட்டில் மூன்றாம் மாடிக்குப் போய், கதவை மூடிக்கொண்டு உள்ளேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியது. பாட்டுச் சத்தம் பக்கத்தில் கேட்டதும் கதவைத் திறந்து குபீரென்று வெளியே பாய வேண்டியது. லிஃப்ட்டை நிறுத்துகிறவளைப் பிடிக்க அந்த லிஃப்ட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்ட மேதை, எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. மொட்டைமாடி மோட்டார் அறையில், லிஃப்ட் கயிறு இறங்குகிற ஓட்டையில் வாயை வைத்து அவள் கூப்பிட்டாள். "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் மூன்று தடவை கேட்பது லிஃப்ட்டக்காவின் வழக்கம். மோட்டார் நின்றிருப்பதைப் பார்ப்பாள், மூன்று தடவை கேட்பாள், பத்து எண்ணுவாள், பிறகுதான் சுவிட்சைத் தொடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் ஆளை உள்ளே வைத்து அவள் லிஃப்ட்டை நிறுத்தியதில்லை.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

ஜெராக்ஸ்காரர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பதில் சொன்னால் திட்டம் பாழ்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

மூச்சைக்கூட விடவில்லை. பத்து வினாடி கழித்து, டப்பென்று விளக்கு அணைந்தது. ஓரத்தில் ஒரு சின்ன அவசர விளக்கு மட்டும் மினுக்கியது. கதவுப் பித்தானை அழுத்தினார். அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதுதான் தன் திட்டத்தில் ஒரு சின்னக் குறை இருப்பது அவருக்குத் தெரிந்தது.

அபாய மணி இருந்தது. அது பேட்டரியில் ஓடுவது, அடிக்கும். விரலைக் கொண்டுபோனார். அடித்தால் அவள் பதறி ஓடி வருவாள், பலவீனமான இதயம். அடிக்காவிட்டால் அவள் படியேறுவாள்; அதே பலவீனமான இதயம். விரல் பித்தானுக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றது. அப்போது படிக்கட்டிலிருந்து இரண்டு குரல்கள் வந்தன.

"மூச்சை அடிவயித்துலருந்து எடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" இது எட்டாம் மாடிப் பாட்டு டீச்சர். மூன்று வாரத்துக்கு முன் படிக்கட்டில் ஏதோ பிராணி மாட்டிக்கொண்டு கத்துகிறது என்று பார்க்க வந்தவர், அது லிஃப்ட்டக்கா பாடுகிற பாட்டு என்று தெரிந்ததும், அதை அப்படியே விட்டுப் போக மனசாட்சி இடம் கொடுக்காமல் கூடவே ஏற ஆரம்பித்திருந்தார்.

"தீ விபத்தின்போது... படிக்கட்டைப் பயன்படுத்தவும்..." என்று லிஃப்ட்டக்கா பாடினாள். "டீச்சர்! முழுசா வந்துடுச்சு! உங்களால ஒரே தொல்லை."

"நல்லாத்தானே வந்தது? சுருதிகூட சேர்ந்துதே!"

"வரக் கூடாது டீச்சர். பாட வந்தா வேகம் பத்தலைன்னு அர்த்தம். நீங்க மூச்சுப் பிடிக்கக் கத்துக் குடுத்துட்டீங்க, இப்ப எவ்வளவு வேகமா ஏறினாலும் பாட வருது."

"முப்பது வருஷமா சொல்லிக் குடுக்கறேன். பாட வந்துடுச்சுன்னு என்னைத் திட்டற முதல் சிஷ்யை நீங்கதான்."

"சரி, வாங்க, இன்னும் கொஞ்சம் எட்டி வைங்க. பாடறேன், நிக்குதான்னு பாப்போம்."

காலடிகள் தடதடவென்று ஏறின. "எட்டுப் பேருக்கு... மேல்... ஏற..." பாட்டு அறுந்தது. ஒரு கணம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லிஃப்ட்டக்கா சிரித்தாள்.

ஜெராக்ஸ்காரர் பித்தானிலிருந்து விரலை எடுத்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. தொண்டையில் ஆரம்பித்து மூக்கில் போய் முடிகிற, பத்துப் பேர் இருக்கிற இடத்திலும் வெட்கமில்லாமல் வருகிற சிரிப்பு. அதை அவள் மருந்தில் தொலைத்துவிட்டாள் என்று நினைத்திருந்தார். வீட்டில் அவர் முன்னால்தான் அது வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

காலடிகள் மெதுவாயின. அவர்கள் லிஃப்ட்டுக்கு வெளியே, மூன்றாம் மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுல சொல்லிடக் கூடாதா?" என்று டீச்சர் கேட்டார்.

"நாலு தடவை சொல்லிட்டேன். டாக்டர் இதயம்னு சொன்னதும் அவர் காது அடைச்சுப் போச்சு. பாவம் டீச்சர் அவரு. ராத்திரியெல்லாம் என் மூச்சை எண்றாரு. தூங்கற மாதிரி படுத்திருப்பேன். நாப்பது வரைக்கும் வந்துட்டு, தப்பு விட்டுட்டு மறுபடி ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிப்பாரு. எனக்கு அழுகையா வரும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கும் பயமா இருக்கு டீச்சர். மூணோட நிறுத்திட்டாங்கன்னா, எங்கயாவது ஒரே ஒரு செல் ஒளிஞ்சிருந்தா என்ன பண்றது? நாலாவதும் வாங்கிடணும். அதுக்கு அந்த நம்பர் நிக்கணும். அவர்கூட இன்னும் ரொம்ப நாள் சண்டை போடணும் எனக்கு."

லிஃப்ட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தவர் வாய்விட்டு அழுதார். சத்தம் வராமல் அழத்தான் பார்த்தார். ஆனால் வந்தது அபாய மணியைவிட மோசமான ஒரு சத்தம்.

வெளியே காலடிகள் நின்றன.

"டீச்சர், உள்ள யாரோ இருக்காங்க!"

இடுப்பில் தொங்கிய முக்கோணச் சாவியை அவள் கதவில் நுழைத்துத் திருப்பும் சத்தம் கேட்டது. கதவு நகர்ந்தது. தலைத்துணி நழுவி, மொட்டைத் தலையில் வியர்வை மின்ன, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு லிஃப்ட்டக்கா நின்றாள். கீழே அவள் புருஷன், கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க!" என்று அலறினாள். அடுத்த நிமிஷமே இடுப்பில் கையை வைத்தாள். "மூணு தடவை கேட்டேனே! ஏன் பதில் சொல்லல?"

"உன்னைப் பிடிக்கலாம்னு..."

"பிடிச்சாச்சா?"

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.

"இருபத்திரண்டு வருஷம்! ஒரு ஆளை உள்ள வச்சு நான் லிஃப்ட்டை நிறுத்தினது கிடையாது. என் பேரையே கெடுத்துட்டீங்களே! அதுவும் யாரு, என் புருஷன்!"

டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

ஜெராக்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்பர் எவ்வளவு இருக்கணும்?" என்றார்.

"அம்பதுக்கு மேல."

"பயிற்சி வேணும்னு டாக்டர் நெசமாவே சொன்னாங்களா?"

"நெசமா."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"இப்ப எவ்வளவு ஆச்சு?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னண்டு நிமிஷம்."

"இன்னும் பதினெட்டு நிமிஷம் பாக்கி இருக்கு, இங்க நின்னு என்கிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருக்கியே" என்று எழுந்து, லிஃப்ட்டிலிருந்து இறங்கி, அவளுக்கு முன்னால் படியேற ஆரம்பித்தார். நான்காம் மாடி வருவதற்குள் அவருக்குப் பாடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. டீச்சரும் லிஃப்ட்டக்காவும் அவரை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து ஏற்றினார்கள்.

மறுநாள் அவர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அவள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லச் சொல்லி, பேனாவால் எழுதிக்கொண்டார். அன்றைக்கே பதினாறு அறிவிப்புகளையும் கழற்றிவிட்டார். நாலாவது டோஸ் நாள் வரும்வரை மூவருமாக ஏறினார்கள். அவள் சோர்ந்த நாளில் இரண்டு மாடியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜெராக்ஸ்காரருக்குக் குரல் கழுதைக்குப் பக்கத்து வீடு என்பதை டீச்சர் முதல் நாளே கண்டுபிடித்து, அவர் பேசினாலே போதும், பாட வேண்டாம் என்று தடை போட்டார். வேடிக்கை பார்க்க வாசலில் நின்றவர்களில் சிலர் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் ஒன்பது பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று எல்லாரும் மூச்சிரைக்கப் பாடினார்கள், பாட வரவில்லை, கைதட்டிக்கொண்டார்கள்.

எக்கோ எடுக்கும் நாள் வந்தது.

இருட்டாக்கிய சின்ன அறை. லிஃப்ட்டக்கா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எக்கோ எடுப்பவர் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினார். ஜெராக்ஸ்காரர் தலைமாட்டில் நின்று திரையைப் பார்த்தார். இருபத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவளின் இதயத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார். அது மூடித் திறந்து, மூடித் திறந்து, யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அவருக்கு அதைப் பார்த்து ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

"சார், நல்லா இருக்கா?" என்று கிசுகிசுத்தார்.

"நான் சொல்லக் கூடாது சார். டாக்டர் சொல்வாங்க."

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவருடைய சட்டையின் கடைசிப் பித்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பிரித்தாள். ஜெராக்ஸ்காரர் இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அம்பத்தாறு" என்றாள். "எறங்கல. ஒண்ணு ஏறியிருக்கு. மாத்திரையோ, பயிற்சியோ, உங்க அதிர்ஷ்டமோ, எதுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. நாலாவது போட்டுடலாம். இன்னிக்கே."

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். ஜெராக்ஸ்காரர் எழுந்து ஒரு குதி குதித்தார். லிஃப்ட்டக்கா அவரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். டாக்டரம்மாவின் பேனா ஸ்டாண்ட் கீழே விழுந்து உருண்டது, மூன்று பேரும் மேஜைக்கடியில் குனிந்து பொறுக்கினார்கள், அங்கேயே மறுபடி சிரித்தார்கள். வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே ஏதோ பெண்ணுக்குக் குழந்தை உண்டாகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கீமோ வார்டில் அவளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் அந்தச் சிவப்பு மருந்து, பெரிய ஊசிக் குழாயில் நிறைந்து இருந்தது.

அதைப் பார்த்ததும் லிஃப்ட்டக்காவின் சிரிப்பு நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த வாரம், வாயில் இரும்பு ருசி, எழ முடியாத காலைகள் எல்லாம் அந்தக் குழாய்க்குள் இருந்தன. இத்தனை வாரம் மூச்சு வாங்க ஏறி அவள் ஜெயித்து வாங்கி வந்தது இதைத்தான். அவள் கண் நிறைந்து வழிந்தது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் முன்னால் அவள் அழுதது இதுதான் முதல் தடவை.

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

அதெல்லாம் ஒண்ணும் இல்லை, அவ தைரியசாலி என்று சொல்ல ஜெராக்ஸ்காரர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தார்.

"இருக்கு" என்றாள் லிஃப்ட்டக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள். "போடுங்க."